நரியை நரியாக்கிய படலம்

எங்கள் வீட்டில் ஒரே ஒரு சட்டம்தான். எது பழுதானாலும் அதைக் கடைசியாகத் தொட்டவர் யாரோ, அவரே குற்றவாளி. மிக்ஸி புகைந்தால் அன்றைக்குச் சட்னி அரைத்தவர். குழாய் ஒழுகினால் கடைசியாகக் கை கழுவியவர். விசாரணை கிடையாது, மேல்முறையீடும் கிடையாது. இந்தச் சட்டத்தின் கீழ் அதிகம் தண்டிக்கப்பட்டவன் நான்தான். ஆனாலும் தீர்ப்பு சுருக்க வந்துவிடும் என்ற வசதியை மறுக்க மாட்டேன்.

கம்ப்யூட்டர்களும் இதே சட்டப் புத்தகத்தைத்தான் படித்திருக்கின்றன என்று தெரிய எனக்கு ரொம்ப நாளாயிற்று. ஒரு புரோகிராம் திடீரென்று செத்து விழுந்தால், இயந்திரம் உடனே லாக்கில் ஒரு பெயரை எழுதி வைக்கிறது. நாமும் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு சாமியாடுகிறோம். ஆனால் அதில் இருப்பது கொலைகாரன் பெயர் அல்ல, பிணத்தின் பெயர்.

முதலில் இயந்திரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹாலில் டீவிக்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. பழைய பெட்டி, ஆனால் உள்ளே 32 ஜிபி ரேம். அதை வாங்கியபோது என் மனைவியிடம் நான் சொன்ன நியாயம் இது: "ஒரே பெட்டிக்குள்ள அஞ்சு கம்ப்யூட்டர் ஓட்டலாம். அஞ்சு வாங்கற செலவு மிச்சம்." அவள், "நமக்கு எதுக்குங்க அஞ்சு?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு நான் இன்றுவரை பதில் சொல்லவில்லை.

விர்ச்சுவல் மெஷின் என்பது அவ்வளவுதான். நிஜத்தில் இருப்பது ஒரு கம்ப்யூட்டர். அதற்குள் பல கம்ப்யூட்டர்கள், ஒவ்வொன்றும் "நான்தான் நிஜம், எனக்கென்று தனி ரேம், தனி டிஸ்க்" என்ற மிதப்பில் ஓடிக்கொண்டிருக்கும். ஐபிஎம் இதை 1960-களிலேயே பெரிய இயந்திரங்களில் செய்து பார்த்து, 1972-இல் விஎம்/370 என்று விற்பனைக்கே கொண்டுவந்துவிட்டது. லினக்ஸ் கெர்னலுக்குள் கேவிஎம் வந்து சேர்ந்தது 2007-இல். அதற்குப் பிறகுதான் என்னைப் போன்ற குடும்பஸ்தர்கள் கெட்டுப்போனது.

பெட்டிக்கு மேட்டூர் என்று பெயர் வைத்தேன். உள்ளே ஓடுபவை நதிகள். காவிரியில் குடும்பப் போட்டோக்களும் எல்லோருடைய கோப்புகளும். ஆளாளுக்கு உரிமை கொண்டாடுவதால் அந்தப் பெயர். வைகையில் வீட்டு வரவு செலவு. தாமிரபரணியில் பையனின் காலேஜ் வேலைகள். பாலாறு என் சொந்தச் சோதனைகளுக்கு. பெயருக்கேற்ப அதில் எதுவும் ஓடாது. கடைசியாகக் கூவம். வீட்டு இன்டர்நெட்டில் வரும் விளம்பரக் குப்பையையெல்லாம் தான் வாங்கிக்கொண்டு நமக்குச் சுத்தமாக அனுப்புவது. மேட்டூரிலிருந்து வைகைக்கு எப்படி ஐயா தண்ணீர் போகும் என்று பூகோளம் படித்தவர்கள் கேட்கக் கூடாது.

வியாதி முதலில் தாமிரபரணியில் தெரிந்தது.

"அப்பா, உங்க மெஷின்ல கம்பைல் பண்ணா ஜிசிசியே செத்துப் போகுது."

"உன் புரோகிராம்ல தப்பு இருக்கும்டா."

"புரோகிராம்ல தப்புன்னா கம்பைலர் அதைச் சொல்லும். இது 'இன்டர்னல் கம்பைலர் எரர்'னு தன்னையே சொல்லிக்குது. மறுபடி ஓட்டினா ஒழுங்கா போகுது."

தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொள்ளும் ஒரு ஜீவனை எங்கள் வீட்டில் அன்றுதான் பார்த்தோம். அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். 90-களிலேயே லினக்ஸ்காரர்கள் நடுவில் இது பிரசித்தம்: கெர்னலைக் கம்பைல் செய்யும்போது ஒவ்வொரு தடவையும் ஒரே வரியில் நின்றால் புரோகிராமைத் திட்டு, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் நின்றால் ரேமைத் திட்டு. மென்பொருளில் உள்ள பிழைக்கு ஒரு ஒழுங்கு உண்டு, வரும் இடத்துக்கே திரும்ப வரும். வன்பொருள் கெட்டால் நேரம் காலம் பார்க்காது, இடமும் பார்க்காது.

ஆனால் வீட்டுச் சட்டம் ஒன்று இருக்கிறதே. கடைசியாகத் தொட்டது பையன். அவன் எழுதிய சி புரோகிராமை அட்ரஸ் சானிடைசர் போட்டு ஓட்டச் சொன்னேன். அது ஒவ்வொரு வரிசைக்கும் இரண்டு பக்கமும் வேலி போட்டு, வேலியில் கை வைத்தவனைக் கையும் களவுமாகப் பிடிக்கும் சாமான். பிடித்தது. பத்து இடம் உள்ள வரிசையில் பையன் பதினோராவதாக ஒன்றை எழுதிக்கொண்டிருந்தான். ஆகா, குற்றவாளி அகப்பட்டான், அதுவும் என் வாரிசு! அரை மணி நேரம் அவனுக்கு ஒழுக்கத்தைப் பற்றிப் போதித்தேன். அவன் திருத்தினான். மறுநாள் ஜிசிசி மறுபடியும் செத்தது. வீட்டில் இரண்டு திருடர்கள் இருக்கும்போது முதலில் ஒரு திருடன் அகப்படுவதைப் போல ஆபத்து வேறு கிடையாது. போலீஸ் தூங்கப் போய்விடுகிறது.

அடுத்தது வைகை.

"ஏங்க, போன மாசம் இஸ்திரிக்கு 2,388 ரூபா கொடுத்தோமா?"

"340 இல்ல?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். சட்டையைத் தேய்ச்சாரா, என் சங்கிலியைத் தேய்ச்சாரா?"

வீட்டுக் கணக்குப் புரோகிராமை எழுதியது நான். ஆகவே குற்றவாளி யார் என்பதில் சந்தேகமே எழவில்லை. தீர்ப்பைக் கேட்டுக்கொண்டே, பழக்க தோஷத்தில் ஒரு எண்ணிலிருந்து இன்னொன்றைக் கழித்துப் பார்த்தேன். 2,048. நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்துவிட்டேன்.

"ரெண்டாயிரத்து நாப்பத்தெட்டு!"

"அது யாரோட போன் நம்பர்?" என்றாள்.

மனுஷன் தப்பு செய்தால் 340-ஐ 430 என்று எழுதுவான், இல்லை ஒரு பூஜ்ஜியத்தைச் சேர்த்து 3,400 ஆக்குவான். 2,048 ரூபாய் கூட்டி எழுத எந்த மனுஷனுக்கும் புத்தி போகாது. அது இரண்டைப் பதினோரு முறை பெருக்கினால் வரும் எண். எண்களை ஒன்று, பூஜ்ஜியம் என்ற பிட்டுகளாகவே வைத்திருக்கும் இயந்திரத்தில், பூஜ்ஜியமாக இருந்த ஒரே ஒரு பிட் ஒன்றாகப் புரண்டால் 340 அப்படியே 2,388 ஆகிவிடும்.

இதற்கு உலகப் புகழ்பெற்ற முன்னுதாரணம் ஒன்று உண்டு. 2003 மே 18-ஆம் தேதி பெல்ஜியத்தில் பொதுத் தேர்தல். பிரஸ்ஸல்ஸை ஒட்டிய ஸ்கார்பேக்கில் ஓட்டு எண்ணியது கம்ப்யூட்டர். ஒரு வேட்பாளருக்கு, கணக்குப்படி விழவே முடியாத அளவுக்கு ஓட்டு விழுந்திருந்தது. திரும்ப எண்ணிப் பார்த்தார்கள். கூடுதலாக இருந்தவை சரியாக 4,096 ஓட்டுகள். இரண்டைப் பன்னிரண்டு முறை பெருக்கிய எண். மென்பொருளைக் குடைந்து பார்த்தும் பிழை அகப்படவில்லை. ஒரு பிட் தானாகப் புரண்டிருக்க வேண்டும், காரணம் விண்வெளியிலிருந்து வந்த கதிராக இருக்கலாம் என்று முடித்துக்கொண்டார்கள். நம் ஊரில் செத்தவர்கள் வந்து ஓட்டுப் போட்டுவிட்டுப் போவார்கள் என்று கேள்வி. அங்கே செத்த நட்சத்திரம் வந்து போட்டிருக்கலாம்.

இதை நான் கைகளை ஆட்டி ஆட்டிச் சொல்லி முடித்ததும் மனைவி கேட்டாள்: "அப்போ நம்ம இஸ்திரிக் கணக்கை எழுதினது நட்சத்திரமா?"

"இல்ல. நட்சத்திரம் எப்பவாவது ஒரு தரம்தான் வரும். நமக்கு வாராவாரம் வருது."

"அப்போ நீங்கதான்."

மூன்றாவது சாட்சி என் மாமியார். கோயில் மகளிர் மன்றத்தில் வெள்ளிக்கிழமைதோறும் திருவிளையாடல் சொல்லுவார். குறிப்புகளை டேப்லெட்டில் தட்டச்சு செய்து காவிரியில் சேமிக்கும் அளவுக்கு நானே பழக்கியிருந்தேன். திருநெல்வேலிக்காரர்கள், மருமகனைக் குறை சொல்வதற்கு முன் அனுமதி கேட்கும் மரபு உண்டு.

"மாப்ளே, ஒண்ணு கேப்பேன். தப்பா நெனச்சுக்கிடப்பிடாது."

"சொல்லுங்க அத்தை."

"நான் 'நரியைப் பரியாக்கினார்'னுதான் அடிச்சேன். இப்பத் தொறந்து பாத்தா 'நரியைப் நரியாக்கினார்'னு இருக்கு. நரியை நரியாக்கறதுக்கு சிவபெருமான் எதுக்கு மாப்ளே? அது ஏற்கெனவே நரிதானே?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உடல் சிலிர்த்தது. யூனிகோடில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண். ப 2986. ந 2984. இரண்டையும் பிட்டுகளாக எழுதிப் பார்த்தால் மற்ற எல்லாம் ஒன்றுபோல் இருக்கும், ஒரே ஒரு பிட்டில்தான் வித்தியாசம். பரிக்கும் நரிக்கும் நடுவில் நிற்பது ஒரு பிட்! மதுரையில் சுந்தரேசர் இதை எந்த வசதியும் இல்லாத காலத்தில் செய்து காட்டியிருக்கிறார். புராணத்தில் 'நரியைப் பரியாக்கிய படலம்' உண்டு. 'பரியை நரியாக்கிய படலம்' என்று இன்னொன்றும் தனியாக உண்டு. பகலில் குதிரையாக நின்றவை நள்ளிரவில் பாண்டியன் லாயத்தில் நரியாகி ஊளையிட்டுக்கொண்டு ஓடின. பாண்டியன் என்ன செய்தான்? குதிரை வாங்கி வரப் போன வாதவூரரைப் பிடித்து, வைகையின் சுடுமணலில் நிறுத்தினான். கடைசியாகத் தொட்டவர் குற்றவாளி. எங்கள் வீட்டுச் சட்டம் பாண்டியர் காலத்தது என்று அப்போதுதான் தெரிந்தது. இப்போது அந்த வாதவூரரின் இடத்தில், இன்னொரு வைகையின் பொருட்டு, நான் நின்றுகொண்டிருந்தேன்.

அன்று இரவு தூங்காமல் முழு எழுத்து வரிசையையும் சோதித்தேன். லகரம் 2994, ளகரம் 2995. ஒரு பிட். ரகரம் 2992, றகரம் 2993. ஒரு பிட். தந்நகரம் 2984, றன்னகரம் 2985. அதுவும் ஒரு பிட்! என் கட்டுரைகளை இத்தனை வருடம் சிவப்பு மையில் வட்டம் வட்டமாகப் போட்டுத் திருப்பி அனுப்பிய ஆசிரியர்கள் எல்லோருக்கும், "அது என் பிழை அல்ல, ரேமின் பிழை" என்று கடிதம் எழுத உட்கார்ந்தேன். ழகரத்தில் வந்து மாட்டிக்கொண்டேன். ளகரம் 2995, ழகரம் 2996, அடுத்தடுத்த எண்கள்தான். ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக மூன்று பிட் ஒரே நேரத்தில் புரள வேண்டும். பழத்தைப் பளம் என்று நான் எழுதியிருந்தால் அதற்கு எந்த ரேமும் பொறுப்பேற்காது. கடிதத்தைக் கிழித்துவிட்டேன்.

இதைவிட வேடிக்கை மறுநாள் நடந்தது. மாமியார் அதே கோப்பைத் திறந்தார். 'நரியைப் பரியாக்கினார்' என்று கச்சிதமாக இருந்தது. யாரும் தொடவில்லை. மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டு பூஜை அறைக்குப் போனார். எனக்கோ ஒரு துப்பு கிடைத்துவிட்டது.

லினக்ஸ் ஒரு கோப்பை டிஸ்கிலிருந்து ஒரு தடவை படித்தால் அதன் நகலைக் கேஷ் என்று ரேமிலேயே வைத்துக்கொள்ளும். அடுத்த முறை கேட்டால் டிஸ்குக்குப் போகாமல் அந்த நகலையே நீட்டும். டிஸ்கில் இருந்தது பரி. ரேமில் அது வந்து உட்கார்ந்த இடம் சொத்தை. அதனால் படித்தவர்களுக்கெல்லாம் நரி. இரவில் அந்த நகலைத் தூக்கி எறிந்துவிட்டு மறுநாள் வேறு இடத்தில் படித்து வைத்தபோது பரி திரும்பிவிட்டது. மாமியார் பதறிப்போய் 'சேமி' பொத்தானை அமுக்கியிருந்தால் நரி டிஸ்குக்கே போய் நிரந்தரமாகக் குடியேறியிருக்கும். இஸ்திரிக் கணக்கில் நடந்தது அதுதான். அதற்குப் பிறகு எடுத்த காப்பு நகல்கள் அத்தனையிலும் 2,388 ரூபாய் பத்திரமாக இருந்தது.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஒரு பெரிய கோப்புக்குச் சரிபார்ப்புத் தொகை எடுங்கள். கேஷைக் காலிசெய்துவிட்டு மறுபடியும் எடுங்கள். யாரும் தொடாத கோப்புக்கு இரண்டு விதமான தொகை வந்தால் பொய் சொல்வது கோப்பு அல்ல. விர்ச்சுவல் மெஷினில் ஒரு சிக்கல் கூடுதலாக உண்டு: கேஷ் உள்ளேயும் இருக்கும், வெளியே ஹோஸ்டான மேட்டூரிலும் இருக்கும். உள்ளே மட்டும் துடைத்துவிட்டு, "இன்னும் தப்பாவே வருது, அப்போ டிஸ்க்தான் கெட்டது" என்று முடிவுகட்டி நல்ல டிஸ்கைக் கழற்றி எறிந்தவர்கள் உண்டு. நான் எறியவில்லை. பரணில் வைத்திருக்கிறேன்.

சரி, ரேம்தான் என்றால் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்டை ஓட்ட வேண்டியதுதானே? பாலாற்றுக்குள் அதை ஓட்டினேன். விடிய விடிய ஓடி, அப்பழுக்கில்லை என்று சான்றிதழ் கொடுத்தது. அப்படித்தான் கொடுக்கும்.

ஏன் என்று விளங்க, அந்தக் காலத்து ஒண்டுக்குடித்தன வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அஞ்சு குடித்தனம். ஒவ்வொருவரும் தன் அறைகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று தானே எண்ணிக்கொள்கிறார். ஆனால் காவிரிக்காரரின் முதல் அறை நிஜத்தில் மாடியில் இருக்கும், இரண்டாவது மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்தில். எது எங்கே என்ற கணக்கு வீட்டுக்காரரிடம் மட்டும்தான். குடித்தனக்காரர் வெளியூர் போய்த் திரும்பினால் (அதாவது மெஷினை அணைத்துப் போட்டால்) வேறு அறைகள் கிடைக்கும். அதே எண்கள்தான், அவருக்கு வித்தியாசமே தெரியாது. இந்த வீட்டில் ஓர் அறையின் கூரை ஒழுகுகிறது. "என் மூணாம் நம்பர் அறை ஒழுகுது" என்று ஒருவர் புகார் சொன்னால் கொத்தனார் எங்கே போய் ஏறுவார்?

நிஜத்தில் அந்த அறை என்பது 4,096 பைட் கொண்ட ஒரு பக்கம். கணக்குப் புத்தகத்துக்கு இன்டெல் இபிடி என்றும் ஏஎம்டி என்பிடி என்றும் பெயர் வைத்திருக்கின்றன. 32 ஜிபியில் பாலாற்றுக்கு நான் கொடுத்தது 4 ஜிபி. சொத்தைப் பக்கம் அந்த நாலுக்குள் வந்தால்தான் மெம்டெஸ்ட் கண்டுபிடிக்கும். வந்தாலும் அது சொல்லும் விலாசம் உள்ளூர் விலாசம், அதை வைத்து எந்த ரேம் குச்சி கெட்டது என்று சொல்ல முடியாது. நோய் ஒரு வாரம் தாமிரபரணியிலும் மறுவாரம் வைகையிலுமாக ஊர் சுற்றிக்கொண்டிருந்ததற்கும் இதுதான் காரணம். ஒவ்வொரு முறையும் நான் எதையாவது நோண்டிவிட்டு ரீபூட் செய்வேன், பக்கங்கள் இடம் மாறும், வியாதி மறையும். "சரி பண்ணிட்டேன்" என்று அறிவிப்பேன். பாயசம் கூட ஒரு முறை வைத்தார்கள்.

இதற்கு நடுவில் காவிரியும் வைகையும் ஒரே நாளில் படுத்துக்கொண்ட மர்மம் வேறு. அது என் சிக்கன புத்தியால் வந்தது. கேஎஸ்எம் என்று கெர்னலில் ஒரு வசதி உண்டு, 2009 முதல். இரண்டு மெஷின்களில் ஒரே உள்ளடக்கம் கொண்ட பக்கங்கள் இருந்தால், ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இருவருக்கும் அதையே காட்டும். மிச்சம் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு மயக்கம், முடுக்கிவிட்டிருந்தேன். அந்தப் பொதுப் பக்கம் சொத்தையில் போய் உட்கார்ந்தால் இரண்டு நதியும் சேர்ந்தே வற்றும்.

இந்தக் காலகட்டத்தில் நான் தண்டித்தவர்கள் பட்டியல் நீளமானது. லாக்கில் பெயர் வந்ததற்காகக் காப்பு எடுக்கும் புரோகிராமை நீக்கினேன். நெட்வொர்க் டிரைவரை மாற்றினேன். புதிய கெர்னலைத் துரத்திவிட்டுப் பழைய கெர்னலைக் கூப்பிட்டேன். எல்லோரும் வாதவூரர்கள்.

எனக்கு ஆறுதல் தந்தவர் ஒருவர்தான். 2022 அக்டோபரில், லினஸ் டோர்வால்ட்ஸின் சொந்த மேஜைக் கம்ப்யூட்டரில் கம்பைல் வேலைகள் கண்டபடி செத்து விழுந்தன. லினக்ஸையே உண்டாக்கிய மனிதர், புதிய கெர்னலில்தான் ஏதோ பிழை என்று முதலில் சந்தேகப்பட்டார். பார்த்தால் ஒரு ரேம் குச்சி. இரண்டரை வருடம் ஒழுங்காக ஓடிவிட்டுக் கெட்டிருக்கிறது. பிழை திருத்தும் ஈசிசி ரேம் போடுங்கள் என்று அதற்கு முந்தைய ஆண்டுதான் ஊரைக் கூட்டிச் சத்தம் போட்டவர் அவர். அவர் பெட்டியிலேயே அந்த வகை இல்லை, வாங்கும்போது கிடைக்கவில்லையாம். புது ரேம் வரும்வரை லேப்டாப்பில் வேலை பார்த்தார். இதை மனைவிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன்.

"அவர் வீட்லயும் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஹால் லைட் எரியுமா?" என்று மட்டும் கேட்டாள்.

வேறு வழியில்லை. குடித்தனக்காரர்களைக் கேட்டுப் பயனில்லை, வீட்டையே காலிசெய்து கூரையைப் பார்க்க வேண்டும். மெம்டெஸ்ட்86+-ஐ ஒரு பென் டிரைவில் போட்டு மேட்டூரையே அதில் எழுப்ப வேண்டும். அதற்கு நதிகள் அனைத்தும் நிற்க வேண்டும். கூவம் நின்றால் வீட்டில் இன்டர்நெட் கிடையாது. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, அணையின் பொறுப்பதிகாரி என்ற தோரணையில் அறிவித்தேன்: "இன்னிக்கு ராத்திரி பூரா நெட் வராது." பையன் என்னைப் பார்த்த பார்வையை எந்தப் பாண்டியனும் பார்த்திருக்க மாட்டான். மனைவியின் தொடர் பாதியில் நின்றது. மாமியார் மட்டும், "நல்லதுதான், எல்லாரும் சீக்கிரம் படுங்க" என்றார்.

மெம்டெஸ்ட் செய்வது மந்தமான வேலை. ஒரு கோலத்தை ரேம் முழுக்க எழுதும். திரும்பி வந்து ஒவ்வொன்றாகப் படித்து, ஒன்றைப் பூஜ்ஜியமாகவும் பூஜ்ஜியத்தை ஒன்றாகவும் தலைகீழாக்கி எழுதும். மறுபடி படிக்கும். ரேமின் ஒவ்வொரு பிட்டும் ஒரு துளி மின்னேற்றம். அது கசிந்துகொண்டே இருக்கும், 64 மில்லிசெகண்டுக்குள் ஒரு முறை புதுப்பிக்காவிட்டால் மறந்துபோகும். இப்படிப்பட்ட ஒரு பொருளை நம்பித்தான் நாம் வங்கி நடத்துகிறோம் என்று யோசித்தபடி பாயைப் போட்டு அதன் முன்னாலேயே படுத்தேன்.

நடுராத்திரியில் திரையில் சிவப்பு. ஒன்று, இரண்டு, பிறகு பொலபொலவென்று வரிசையாக, எல்லாம் பக்கத்துப் பக்கத்து விலாசங்கள்.

"எரர் வந்துருச்சு!" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினேன்.

மனைவி எழுந்து உட்கார்ந்து, "யாருக்கு?" என்றாள்.

மறுநாள் வீட்டில் காரணம் பற்றி விவாதம். மே மாதம், கத்திரி வெயில். பெட்டி சூடேறியதால்தான் என்பது பையன் கட்சி. எனக்கும் அதில் மறைமுக விருப்பம், ஹாலுக்கு ஏசி போட இதைவிடச் சிறந்த காரணம் கிடைக்காது. கெடுத்தது கூகுள். தன் சர்வர்களில் உள்ள ரேமையெல்லாம் கவனித்து, டொரான்டோ பல்கலைக்கழகத்தின் பியான்கா ஷ்ரோடருடன் 2009-இல் ஓர் ஆய்வு வெளியிட்டிருக்கிறார்கள். ஒரு வருடத்தில் நூற்றுக்கு எட்டுக் குச்சிகளுக்கு மேல் ஏதாவது ஒரு பிழை செய்திருக்கின்றன. வெப்பத்தின் பங்கு எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு என்றும் எழுதிவிட்டார்கள். அதை நான் படித்திருக்கக் கூடாது; படித்தாலும் சாப்பாட்டு மேஜையில் சொல்லியிருக்கக் கூடாது. ஏசி போச்சு.

பெட்டியைத் திறந்து பார்க்கத் தைரியம் வேண்டி ரிச்சி தெருவுக்குப் போனேன். கம்ப்யூட்டர் கடையில் பையன் வயசில் ஒரு தம்பி. அவனிடம் இபிடி, கேஎஸ்எம், கேஷ், ஸ்கார்பேக் வரை ஒரு பாட்டம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டான்.

"ரேமைக் கழட்டி ரப்பர் வெச்சுத் தேய்ச்சீங்களா சார்?"

"என்ன ரப்பர்?"

"பென்சில் ரப்பர் சார்."

தேய்த்தேன். அந்தத் தங்கப் பற்கள் பளபளவென்று ஆயின, ஒரு பல்லி முட்டையும் அகப்பட்டது, பிழை மட்டும் போகவில்லை. ஆனால் தம்பி சொன்ன இன்னொன்று பலித்தது: இரண்டு குச்சிகளையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள், பிறகு துளையை மாற்றிப் பாருங்கள். பிழை துளையோடு நின்றால் போர்டு. குச்சியோடு கூடவே போனால் குச்சி. குச்சியோடு போனது. பயாஸில் ரேமை அதன் நிதான வேகத்தைவிட விரட்டும் எக்ஸ்எம்பியை அணைத்தும் பார்த்தேன். அப்போதும் அதே சிவப்பு.

புதிதாக வாங்குவதற்கு முன் மிச்சம் பிடிக்க ஒரு வழி இருந்தது, விடுவேனா. கெர்னல் கிளம்பும்போதே, "இந்த விலாசத்திலிருந்து இத்தனை தூரம் யாருக்கும் கொடுக்காதே" என்று சொல்லிவிடலாம். மெம்டெஸ்ட் காட்டியது ஹோஸ்டின் நிஜ விலாசம் என்பதால் இப்போது அது செல்லுபடியாகும். அந்தப் பகுதியைச் சுற்றி வேலி போட்டேன். ஜிசிசி சாவதை நிறுத்தியது. பையன் என்னிடம் பேச ஆரம்பித்தான். கொஞ்ச நாள்தான், வேலிக்கு வெளியேயும் சிவப்பு முளைத்தது.

ஈசிசி ரேம் வாங்கலாமா என்று பார்த்தேன். சாதாரண ரேம் ஒரு மூச்சில் 64 பிட் கொடுக்கும். ஈசிசி அவற்றுக்குக் காவலாக இன்னும் 8 பிட் வைத்திருக்கும். ஒரு பிட் புரண்டால் தானே திருத்திவிடும், இரண்டு புரண்டால் கூச்சல் போடும். திருவிளையாடலும் 64தான், ஆனால் காவலுக்கு எட்டு வைக்க பாண்டியனுக்குத் தோன்றவில்லை. என் பழைய போர்டுக்கும் தோன்றவில்லை, அது ஈசிசியை ஏற்காது. ஆகவே மறுபடியும் சாதாரணக் குச்சியே வாங்கினேன். விலை 4,500. அதை வீட்டுக் கணக்கில் 'கம்ப்யூட்டர்' என்ற தலைப்பில் எழுதினால் என்ன ஆகும் என்பது குடும்பஸ்தர்களுக்குத் தெரியும். 'புத்தகம்' என்று எழுதினேன்.

மேட்டூர் இப்போது நிரம்பி வழிகிறது. ஆனால் மனைவிக்கு வைகையின் பழைய கணக்குகள் மேல் நம்பிக்கை போய்விட்டது. எது நிஜச் செலவு, எது பிட் என்று ஒவ்வொரு ஞாயிறும் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து சலிக்கிறாள். 512, 1,024, 2,048, 4,096 எல்லாம் இப்போது அவளுக்கு வாய்ப்பாடு.

"ஏங்க, புத்தகம் 4,500ன்னு இருக்கே?"

"அது... பழைய ரேம் பண்ணின வேலையா இருக்கும். பிட் புரண்டிருக்கும்."

அவள் ஒன்றும் பேசாமல் நோட்டில் கழித்தாள். 4,096 போக மீதி 404.

"சரியாத்தான் வருது. அப்போ 404 ரூபாய்க்கு வாங்கின புத்தகத்தைக் காட்டுங்க."

நான் அலமாரியைப் பார்த்தேன். பையன் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னான்: "404ன்னா, தேடினது கிடைக்கலன்னு அர்த்தம்மா."